மேசையைத் தட்டியவர்கள்

அந்த இசைத்தட்டை நூலகத்திலிருந்து முதல் முறை எடுத்தபோது பதினைந்து நாள் தவணை கொடுத்தார்கள். நான் அதை ஏழு மாதம் வைத்திருந்தேன். தவணை முடியும்போதெல்லாம் சைக்கிளில் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வருவேன். வேறு யாரும் கேட்டு வரவில்லை என்று நூலகப் பெண் சொன்னாள். மேற்கு ஜெர்மனியின் ஒரு பல்கலைக்கழக ஊரில், அறுபதுகளின் கடைசியில், அமெரிக்க ஜனாதிபதிகளின் பேச்சுகளை யார் கேட்கப்போகிறார்கள்? எங்கள் வயது மாணவர்கள் தெருவில் அந்த நாட்டைத் திட்டிக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மாடி அறையில் அதே நாட்டு ஜனாதிபதிகளிடம் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல இன்று வெட்கமாக இருக்கிறது. அன்று ஒரு வெட்கமும் இல்லை.

தட்டின் ஒரு பக்கத்தில் பழைய பேச்சுகள். போர்க்களக் கல்லறையில் நின்று இரண்டு மூன்று நிமிடத்தில் பேசி முடித்தவரின் உரையை ஒரு நடிகர் வாசித்திருந்தார். நாடே வேலையில்லாமல் தவித்த காலத்தில், நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசுவதுபோல வானொலியில் பேசியவரின் சொந்தக் குரலே இருந்தது. மறுபக்கத்தில் இளம் ஜனாதிபதி. கடுங்குளிரில் பதவியேற்றபோது பேசியதும், பிறகு சுவர் எழுப்பிப் பிரித்த நகரத்துக்கு வந்து பேசியதும். அந்தக் கடைசிப் பேச்சைத்தான் நான் ஊசி தேயத் தேயக் கேட்டேன். வந்த இடத்துக்காரர்களில் தானும் ஒருவன் என்று அவர் சொன்னதும் கூட்டம் எழுப்பும் இரைச்சல் இருக்கிறதே, ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அவர் விமானமேறிப் போன மறுநாளும் சுவர் அதே உயரத்தில்தான் நின்றது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சுவரைப் பற்றி எனக்கென்ன கவலை? எனக்கு அந்த இரைச்சல் வேண்டியிருந்தது.

ஊரில், திருச்சியில், நான் கல்லூரிப் பேச்சாளன். அடுக்குமொழி பேசிக் கோப்பை வாங்கியவன். மேடையில் ஏறி இரண்டு நிமிடம் பேசினால் பின்வரிசையில் விசிலடிக்கிறவன்கூட வாயை மூடுவான். ஜெர்மனிக்கு வந்த பிறகு என் வாய்க்கு வேலையில்லாமல் போனது. ரொட்டிக் கடையில் விரலைக் காட்டி வாங்குகிறவனாக ஒரு வருடம் இருந்தேன். மொழி பிடிபட்டதும் பழைய அரிப்பு திரும்ப வந்தது. ஒரு நோட்டு வாங்கி அந்த ஜனாதிபதிகள் செய்கிற வித்தைகளை எழுதிவைத்தேன். ஒரே தொடக்கத்தில் மூன்று வாக்கியம். இரண்டு சொல்லைப் போட்டு அடுத்த வாக்கியத்தில் அவற்றை இடம் மாற்றுவது. கேட்பவனைத் திட்டாமல் அவனை ஏற்கெனவே நல்லவனாக்கிவிடுவது. எல்லாவற்றுக்கும் மேலே, அவர்களில் ஒருவனாகத் தன்னை அறிவித்துக்கொள்வது. நம் ஊர் மேடைகளில் இதெல்லாம் இல்லையா என்றால், உண்டு. ஆனால் வெள்ளைக்காரன் கோட் போட்டுச் செய்யும்போது அது எனக்கு விஞ்ஞானமாகத் தெரிந்தது.

அறையில் என்னோடு இருந்தவன் திண்டுக்கல் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன். என் வயதுதான், ஆனால் எனக்கு முன்னால் வந்தவன். நான் ஒரு ஆய்வுக்கூடத்தில் செய்முறை வேலையும் பொறியியல் பட்டத்தின் கடைசிப் பரீட்சைகளுமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவன் அதே ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலையும் முனைவர் பட்ட ஆய்வுமாக இருந்தான். எட்டு மாத அளவீடுகள்தான் பாக்கி. அதிகம் பேசமாட்டான். சட்டைப் பொத்தான் தைத்தால்கூட நூல் முனை வெளியே தெரியாது. அப்படி ஒரு கை.

"ஏண்டா மாப்ள, அந்த ஆளு செத்தும் உன்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறாரு. கொஞ்சம் ரெஸ்ட் குடு" என்பான்.

நான் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்க்கும்போது கட்டிலில் படுத்தபடியே சபாஷ் போடுவான். வீட்டுக்காரம்மாள் ஒருநாள் மாடியேறி வந்து கதவைத் தட்டினாள். பாட்டு என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள், இது வேண்டாம் என்றாள். பேச்சு புரியவில்லையா என்று கேட்டேன். பேசுகிறவரைப் பற்றி ஒன்றுமில்லை, அந்தக் கூட்டம் கத்துவதைத்தான் இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவள் வயதைக் கணக்குப் பார்த்தால், போருக்கு முன்னால், இளவயதில் எந்தக் கூட்டத்தின் கத்தலைக் கேட்டிருப்பாள் என்று எனக்கு உடனே புரிந்திருக்க வேண்டும். கிழவிக்கு ரசனை இல்லை என்று நினைத்து ஒலியைக் கொஞ்சம் குறைத்துவைத்தேன்.

இனி ஒரு பம்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நண்பனின் ஆய்வு முழுக்க ஒரு இரும்புக் கலத்துக்குள் நடந்தது. அதிலிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க ஒரு பம்ப். அந்தப் பம்ப் எண்ணெயைக் கொதிக்கவைத்து வேலை செய்யும், அதனால் அதைச் சுற்றி எந்நேரமும் குளிர்ந்த தண்ணீர் ஓட வேண்டும். தண்ணீர் நின்றால் எண்ணெய் கருகிக் கலம் பாழாகும். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, தண்ணீர் திறந்திருக்கிறது, எண்ணெயைச் சூடாக்கும் ஹீட்டர் ஓடுகிறது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு அவன் வீட்டுக்கு வந்தான். திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தால் குழாய் மூடியிருந்தது. கலத்துக்குள் கரி. உள்ளேயிருந்த அளவுக் கருவிகள் எல்லாம் போயின.

ஆய்வுக்கூடத்தில் மூத்த பொறியாளர் ஒருவர் இருந்தார். கட்டடத்துச் சாவி வைத்திருப்பவர். சனிக்கிழமைகளிலும் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார். விளக்கு எரிந்தால் அணைப்பார், சன்னல் திறந்திருந்தால் சாத்துவார், தண்ணீர் ஓடினால் மூடுவார். நாங்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அந்தச் சனிக்கிழமை அவர் வந்தாரா என்று கேட்டால் வந்தேன் என்றார். குழாயைத் தொட்டீரா என்று கேட்டால் நினைவில்லை என்றார். பதிவேட்டில் கடைசிக் கையெழுத்து நண்பனுடையது, ஆகவே குழாயைக் கடைசியாகத் தொட்டவனும் அவனே என்றாகிவிட்டது. ஜெர்மனியில் பதிவேடு ஒன்று சொன்னால் மனிதன் வேறொன்று சொல்லி ஆகப்போவதில்லை.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. தொந்தரவு பிடிக்காதவர், அவ்வளவுதான். நண்பனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். கவனக்குறைவாக நான் மூடியிருக்கக்கூடும் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடு, விசாரணை எதுவும் வேண்டாம், ஆஹென் நகரத்தில் என் சக பேராசிரியர் ஒருவரிடம் இடம் இருக்கிறது, நல்ல கடிதம் தருகிறேன், அங்கே போய் முடித்துக்கொள் என்றார். நண்பன் அறைக்கு வந்து ஷூவைக் கழற்றாமலே இதை என்னிடம் சொன்னான்.

"ஒரு வருஷம் லேட்டாகும்டா. ஆனா முடிஞ்சிரும். சைன் பண்ணிடலாம்னு இருக்கேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அது உண்மையான கோபம். அதில் பொய்யில்லை. செய்யாத தப்புக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவாய், நாளைக்கு இன்னொரு இந்தியப் பையன் வந்தால் அவனையும் இப்படித்தான் மிரட்டுவார்கள், நீ குனிந்தால் எல்லோரும் குனிந்ததாக அர்த்தம் என்றெல்லாம் கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே என் வாக்கியங்கள் மூன்று மூன்றாக விழுவதைக் கவனித்தேன். நன்றாக விழுகின்றனவே என்று ஒரு சந்தோஷமும் உள்ளே எட்டிப் பார்த்தது. அந்த இடத்தில் யாராவது என் வாயில் அடித்திருக்க வேண்டும்.

"வியாழக்கிழமை மீட்டிங் இருக்கு. நான் பேசறேன். நீ சும்மா பக்கத்துல நில்லு" என்றேன்.

"பேசி என்னடா ஆகப்போகுது?"

"நீ பாரு."

அப்போது பல்கலைக்கழகங்களில் எல்லாம் கூட்ட மயமாக இருந்தது. மாணவர் கிளர்ச்சிக்குப் பிறகு எங்கள் ஆய்வுக்கூடத்திலும் மாதம் ஒருமுறை பொறியாளர்களும் உதவியாளர்களும் மாணவர்களும் கூடிப் பேசுவார்கள். கூட்டம் தீர்மானம் போட்டால் பேராசிரியர் அதை மதித்தே ஆக வேண்டிய காலம். நாற்பது பேர் வருவார்கள். எனக்கு அந்த நாற்பது பேர் நான்கு லட்சம் பேராகத் தெரிந்தார்கள். மூன்று நாள் வேறு வேலை பார்க்கவில்லை. முதலில் தமிழில் எழுதினேன், பிறகு ஜெர்மனில் மாற்றினேன், பிறகு எங்கே நிறுத்த வேண்டும் என்று சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். இசைத்தட்டைத் திரும்பத் திரும்ப வைத்து அந்த இளம் ஜனாதிபதி எங்கே மூச்சு விடுகிறார் என்று பார்த்தேன். நண்பன் அந்த மூன்று நாளும் கலத்தைப் பிரித்துக் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு கை உதவி தேவைப்பட்டிருக்கும். நான் போகவில்லை. எனக்குப் பேச்சு இருந்தது.

பேசினேன். இன்றைக்கும் சொல்கிறேன், நன்றாகவே பேசினேன். நண்பனைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தேன். அவன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். நம்மில் ஒருவர் என்று அவனைச் சொன்னேன். நம்மில் ஒருவர்மீது விழும் பழி நம் எல்லோர்மீதும் விழும் பழி என்றேன். நீங்கள் நீதியைத் தேடி இந்த நாட்டில் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும் என்று அவர்களை நல்லவர்களாக்கினேன். கடைசியாக ஒரு இடம் வைத்திருந்தேன். நான் இங்கே வெளிநாட்டவன், என் நண்பர் வெளிநாட்டவர், இன்று இந்த அறையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் வெளிநாட்டவர் என்று சொல்லி நிறுத்தினேன். சிவப்புக் கோடு போட்ட இடம். இரண்டு மூச்சு அமைதி.

பிறகு தட்டினார்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் கைதட்டமாட்டார்கள், முஷ்டியால் மேசையைத் தட்டுவார்கள். எந்த வகுப்பு முடிந்தாலும் தட்டுவார்கள். தூங்கவைக்கிற பாடத்துக்கும் தட்டுவார்கள். மூன்று வருடம் அங்கே இருந்தவன் நான், தினமும் மூன்று வேளை தட்டியவனும் நான். ஆனால் அன்று நாற்பது முஷ்டிகள் மரத்தில் விழுந்தபோது அது எனக்குத் தட்டலாகக் கேட்கவில்லை. நம் ஊர்க் கூட்டத்தில் கைதட்டியவன் கூட்டம் முடிந்ததும் பேச்சாளன் பின்னாலேயே நடப்பான், ஓட்டுப் போடுவான், அடி வாங்கவும் நிற்பான் என்று நம்பி வளர்ந்தவன் நான். அந்த மூத்த பொறியாளரும் தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார். ஆளையே கவிழ்த்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கூட்டத்தை நடத்தியவர் எனக்கு நன்றி சொன்னார். அடுத்த பொருளுக்குப் போனார். அடுத்த பொருள் காப்பி அறையை யார் எந்த வாரம் கழுவுவது என்பது. அதற்கு ஒருவர் எழுத்தில் தீர்மானம் கொண்டுவந்திருந்தார். தட்டச்சு செய்து, படியெடுத்து, எல்லோருக்கும் ஒவ்வொன்று. முக்கால் மணி நேரம் விவாதித்தார்கள். குரல் உயர்ந்தது. திருத்தம் கொண்டுவந்தார்கள். கையுயர்த்தி எண்ணினார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து வெற்றிக் களிப்பில் சிரித்துக்கொண்டிருந்தேன். முதுகுப்பக்கம் சட்டை நனைந்திருந்தது.

வெளியே வந்ததும் நண்பன் கேட்டான்.

"தீர்மானம் எதுவும் போட்டாங்களாடா?"

"அவ்வளவு பேர் தட்டினாங்களே, பாத்தியா இல்லையா? அதுக்கு மேல என்ன தீர்மானம்?"

"இல்ல, எழுதி ஏதாவது..."

"நீ தைரியமா போய் சைன் பண்ண மாட்டேன்னு சொல்லு. நாப்பது பேரு உன் பின்னாடி நிக்கிறான்."

அவன் என்னை நம்பினான். எனக்கு மூன்று கோப்பைகள் கொடுத்த நடுவர்களைவிட நன்றாக நம்பினான். மறுநாள் காலை பேராசிரியரிடம் போய், செய்யாததைச் செய்ததாக எழுதித் தர முடியாது, கூட்டம் முழுக்க இதைத்தான் சொல்கிறது என்று சொல்லிவிட்டான். பேராசிரியர் கூட்டக் குறிப்பை வரவழைத்துப் படித்தார். காப்பி அறைத் தீர்மானம் அரைப் பக்கத்துக்கு இருந்தது. எங்கள் விஷயத்துக்கு ஒரு வரி. ஒரு மாணவர் தம் கருத்தைத் தெரிவித்தார் என்று எழுதியிருந்தார்கள். யாருடைய கருத்து, எதைப் பற்றி என்றுகூட இல்லை. அந்த நாட்டில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்காத கோரிக்கை கோரிக்கையே இல்லை. பூங்காவில் ஒரு பெஞ்சு போட வேண்டுமென்றாலும் தாள் வேண்டும். அது எனக்குத் தெரியாதா? வீட்டு வாடகைக்கும் விசாவுக்கும் எத்தனை விண்ணப்பம் நிரப்பியிருக்கிறேன்! பேச்சு என்று வந்தபோது மட்டும் நான் திருச்சி மைதானத்துக்குத் திரும்பிப் போய்விட்டேன்.

பேராசிரியர் அடுத்த வெள்ளிக்கிழமை நண்பகல்வரை நேரம் கொடுத்தார். உன் பக்கம் ஆட்கள் இருப்பது உண்மையானால் கையெழுத்தோடு எழுதிக் கொண்டுவா, நான் நிர்வாகத்திடம் பேசுகிறேன், இல்லையென்றால் விஷயம் என் கையில் இருக்காது, ஆஹென்காரரும் அன்றைக்குள் பதில் கேட்டிருக்கிறார் என்றார். இது நியாயமான பேச்சு. இதைவிட நியாயமாக யாரும் பேச முடியாது.

நான் ஒரே பக்கத்தில் ஒரு மனு தட்டச்சு செய்துகொண்டு மேசை மேசையாகப் போனேன். எல்லோரும் என் பேச்சைப் புகழ்ந்தார்கள். ஒருவன் தன் காதலியிடம் அதைச் சொன்னானாம். இன்னொருவன், எங்கள் அரசியல்வாதிகளுக்கு நீ பாடம் எடுக்க வேண்டும் என்றான். தாளை நீட்டியதும் பேனா காணாமல் போகும். எனக்கு நேரில் எதுவும் தெரியாதே என்றான் ஒருவன். என் ஒப்பந்தம் மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னான் இன்னொருவன், அவனை நான் மதிக்கிறேன். புரட்சி பேசுகிற தாடிக்காரன் ஒருவன், இது தனிமனிதப் பிரச்சினை, அமைப்பைத்தான் மாற்ற வேண்டும் என்றான். அவன் அந்த வாரம்தான் காப்பி அறை கழுவும் முறையை மாற்ற ஓட்டுப் போட்டவன். அவர்களைக் கோழைகள் என்று அறையில் வந்து திட்டினேன். நண்பன் நகக்கண்ணில் ஏறியிருந்த கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை மாலைவரை தாளில் ஒரே ஒரு கையெழுத்து இருந்தது. அது பட்டறையில் கடைசல் இயந்திரத்தில் வேலை பார்த்த ஒருவருடையது. அவர் கூட்டத்துக்கே வரவில்லை. என் பேச்சில் ஒரு சொல்லையும் கேட்டதில்லை. தாளை முழுக்கப் படித்தார், கையைத் துணியில் துடைத்தார், அந்தப் பையன் குழாயை மூடுகிறவன் இல்லை, நான் மூன்று வருடமாக அவனைப் பார்க்கிறேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நன்றி சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் இயந்திரத்தை ஓட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பேராசிரியரின் அறைக்கு வெளியே நண்பனிடம் தாளைக் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்தான். பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். மறுபடி முன்பக்கம்.

"உன் சைன் எங்கடா?"

"நான் கடைசியா போடலாம்னு இருந்தேன். ஒரே ஊர்க்காரன் முதல்ல போட்டா வெயிட் இருக்காதுல்ல."

அதை நான் யோசித்துத்தான் வைத்திருந்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதன் பின்னால் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். பட்டம் முடிந்ததும் அதே ஆய்வுக்கூடத்தில் வேலை கேட்டு நான் எழுதிய விண்ணப்பம் அந்தக் கதவுக்கு உள்ளே, பேராசிரியரின் மேசையில் ஒரு மாதமாகக் கிடந்தது. ஒவ்வொரு மேசையாகத் தாளை நீட்டிய அந்த ஏழு நாளும் எனக்கு அது நினைவில் இருந்தது.

நண்பன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றினான். என்னிடம் நீட்டினான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. நான் போட்டுவிடுவேன் என்றுதான் நினைத்தான்.

"இப்ப போட்டு என்னடா ஆகப்போகுது? ஒண்ணு ரெண்டாகும், அவ்வளவுதானே" என்றேன்.

அவன் நீட்டிய பேனாவை இழுத்துக்கொண்டான். பிறகு மூடியைத் திருகிப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. நாற்பது பேர் முன்னால் இரண்டு மூச்சு நிறுத்தத் தெரிந்தவனுக்கு, அந்தக் கதவுக்கு வெளியே நிற்கத் தெரியவில்லை. படியிறங்கி உணவுக்கூடத்துக்குப் போனேன். அன்று உருளைக்கிழங்கு சூப். சாப்பிட்டேன்.

பிறகு நடந்தது எல்லாம் தாள்கள்தான். ஒரு கையெழுத்துள்ள மனுவைப் பேராசிரியர் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார். பழைய இரண்டு வரியையே எழுதித் தருகிறேன் என்று நண்பன் அன்று மாலையே போய்ச் சொல்லியிருக்கிறான். ஆஹெனில் அதற்குள் வேறொருவரை எடுத்துவிட்டார்கள். நிர்வாகம் அவன் ஒப்பந்தத்தை முடித்துக் கடிதம் அனுப்பியது. ஒப்பந்தம் இல்லாதவனுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் முத்திரை இல்லை. இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். ஹம்பேர்க்குக்கும் எர்லாங்கனுக்கும் எழுதிப் பார்த்தான். வருத்தம் தெரிவித்து அழகான பதில்கள் வந்தன. எட்டு மாத அளவீடு பாக்கியிருக்க அவன் பெட்டி கட்டினான். பெயருக்கு முன்னால் டாக்டர் இல்லாமலே கடைசிவரை ஒரு பாலிடெக்னிக்கில் வகுப்பெடுத்தான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். எனக்கு அவன் கடிதம் எழுதவில்லை. நான் இரண்டு எழுதினேன். இரண்டிலும் நடை நன்றாக இருந்தது.

அவன் கிளம்ப இன்னும் பத்து நாள் இருக்கும்போது பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். என் பேச்சைப் பற்றிக் கேள்விப்பட்டாராம். மனு என் தட்டச்சு இயந்திரத்தில் அடித்தது என்று அவருக்குத் தெரியும், அதன் கீழே என் பெயர் இல்லை என்பதும் தெரியும். இரண்டையும் அவர் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்துக்கு வருகிறவர்களிடம் விஷயத்தைத் தெளிவாக எடுத்துச் சொல்ல ஒரு ஆள் தேவை, கலத்தைப் புதிதாக வாங்கப்போகிறோம், ஒரு இடம் காலியாகிறது, உன் விண்ணப்பம் என்னிடம் இருக்கிறது என்றார். யோசிக்க நேரம் வேண்டுமா என்றும் கேட்டார். நான் வேண்டாம் என்றேன்.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம். ஒருவர் இடத்தை விட்டுப் போகும்போது அடுத்து வருகிறவரைக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு கருவியையும் காட்டி, ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடிக் காட்டி, ஒப்படைத்ததாகவும் பெற்றுக்கொண்டதாகவும் இருவரும் பதிவேட்டில் எழுத வேண்டும். யார் யாருக்கு ஒப்படைக்கிறார்கள் என்பதைப் பற்றி வழக்கத்துக்கு அக்கறை இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நண்பன் எனக்கு ஒப்படைத்தான். ஒரே அறையிலிருந்து கிளம்பி, தனித்தனியாக அங்கே வந்து சேர்ந்தோம்.

அவன் ஒன்றையும் விடவில்லை. எந்த அடைப்பான் இறுக்கமாக இருக்கும், எந்த முள் கொஞ்சம் தப்பாகக் காட்டும், எண்ணெயை எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று ஆற அமரச் சொன்னான். ஒருமுறை நான் கையைத் தப்பான இடத்தில் வைத்தபோது பிடித்து நகர்த்தினான். கடைசியாகக் குளிர்நீர்க் குழாய்க்கு வந்தோம்.

"ஹீட்டரை ஆஃப் பண்ணின பிறகும் மூணு மணி நேரம் தண்ணி ஓடணும். அதுக்கு முன்னாடி மூடிராதே. யார் சொன்னாலும் மூடாதே."

"சரிடா" என்றேன். பிறகு எனக்குத் தாங்கவில்லை. "நீ மூடலைன்னு எனக்குத் தெரியும்டா. முதல் நாள்லேர்ந்தே தெரியும்."

அவன் என்னைப் பார்த்தான். ஏதாவது சொல்லியிருக்கலாம். அவன் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு நான் பதில்கூட யோசித்துவைத்திருந்தேன், நல்ல பதில்கள். அவன் குனிந்து பதிவேட்டைத் திறந்தான். தேதி போட்டு, ஒப்படைத்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்டான். பேனாவை என்னிடம் நீட்டினான்.

வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.